செஸ்ஸுக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு

சென்னை மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து கஸ்தூரி ரங்கன் சாலைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை, நடந்தே போய்விடலாம். அங்குள்ள ரஷ்யப் பண்பாட்டு மையம் சோவியத் மையமாக இருந்த காலத்தில், 1972இல், மேனுவல் ஆரோன் முன்னின்று தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகிய கிளப் அது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, அதையொட்டி அரசுப் பள்ளிகளில் செஸ் போட்டிகளை நடத்தியது பள்ளிக்கல்வித் துறையே. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். இத்தனைக்கும் பிறகு, ஃபயர்வாலில் 'கேம்ஸ்' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்ட பள்ளியின் லேபில் உட்கார்ந்து லிச்செஸ் தளத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் தடுக்கப்பட்டுள்ளது, வகை: கேம்ஸ் என்று வரும். லிச்செஸ்ஸில் விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. அதெல்லாம் ஃபயர்வாலுக்குத் தெரியாது. விளையாட்டு என்றால் விளையாட்டு, அவ்வளவுதான்.

பள்ளி இணையத்துக்கு வடிகட்டி வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேண்டும். என் குறை வேறு இடத்தில். எது பாடம், எது பொழுதுபோக்கு, எது சூது என்று பிரித்துப் பார்க்கும் வேலை ஆசிரியருடையது. அந்த வேலையை, எங்கோ இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வகைப் பட்டியலிடம் தூக்கிக் கொடுத்துவிட்டோம். கொடுத்ததையும் மறந்துவிட்டோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017இல், தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட 'நீலத் திமிங்கலம்' இணைய விளையாட்டின் பயம் நாட்டையே பிடித்து ஆட்டியது. அந்தச் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்து விசாரித்தது. அதற்குச் சற்று முன்பு, ஆகஸ்டில், சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: நல்ல ஃபயர்வால் போடுங்கள், வடிகட்டும் மென்பொருளையும் கண்காணிக்கும் மென்பொருளையும் கம்ப்யூட்டர்களில் ஏற்றுங்கள், அனுமதியில்லாத சாதனங்களை உள்ளே விடாதீர்கள். பயத்தில் பிறந்த அறிக்கைதான். ஆனால் லேபில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், மூன்று பேர். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் மிஸ். பீரியடோ நாற்பது நிமிஷம், அதில் பத்து நிமிஷம் செருப்பைக் கழற்றி வரிசையில் வந்து உட்காருவதிலேயே போய்விடும். கடைசி வரிசைத் திரையில் என்ன ஓடுகிறது என்று மிஸ் போய்ப் பார்ப்பதற்குள் பையன் வேறு பக்கத்துக்கு மாறியிருப்பான். ஆள் பற்றாத இடத்தில் காவலுக்கு நிற்பது இந்த வடிகட்டிதான்.

வெளியே இருக்கும் ஆபத்தும் கற்பனை இல்லை. இலவச விளையாட்டு என்று தேடிப் போகிற பிள்ளையின் முன்னால் ரம்மி விளம்பரம் வந்து விழுந்த காலத்தைத் தமிழ்நாடு நன்றாகவே பார்த்திருக்கிறது. பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் சட்டமன்றம்வரை எதிரொலித்தன. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2022இல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி 2023இல் நடைமுறைக்கு வந்தது. 2025இல் வந்த விதிமுறைகள் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருமே ஆடக்கூடாது என்றன. அந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அவை செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது.

அந்த மத்தியச் சட்டத்தில் நம் கட்டுரைக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அது இணைய விளையாட்டை மூன்றாகப் பிரிக்கிறது: பணம் வைத்து ஆடுவது, இ-ஸ்போர்ட்ஸ், சமூக விளையாட்டு. முதலாவதற்குத் தடை, மற்ற இரண்டுக்கும் ஊக்கம். மூன்றாவதில் கல்விக்கான விளையாட்டுகளையும் சேர்த்தே பேசுகிறது. அவசர அவசரமாக நிறைவேற்றிய சட்டமே விளையாட்டில் மூன்று சாதி உண்டு என்று கண்டுகொண்டிருக்கிறது. பள்ளி ஃபயர்வாலின் 'கேம்ஸ்' கட்டம் இன்னும் ஒன்றிலேயே நிற்கிறது.

அது ஏன் அப்படி நிற்கிறது என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வடிகட்டி விற்கும் நிறுவனம், உலகத்துத் தளங்களையெல்லாம் சில பத்து வகைகளில் பிரித்து வைத்திருக்கும்: செய்தி, கல்வி, கேம்ஸ், சமூக ஊடகம், சூதாட்டம் என்று. பிள்ளை ஒரு முகவரியைத் தட்டியதும் அது எந்த வகை என்று பார்த்து, வடிகட்டி உள்ளே விடும், அல்லது தடுக்கும். இன்றைய தளங்கள் பெரும்பாலும் மறையாக்கம் செய்தவை. பள்ளிக் கம்ப்யூட்டர்களில் தனிச் சான்றிதழ் ஏற்றி உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒழிய, வடிகட்டிக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் எந்தப் பக்கம், அதில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஆகவே ஒரு தளத்தில் நல்லதும் கெட்டதும் கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும், அல்லது சேர்ந்தே போகும்.

ஸ்கிராட்ச்சை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் எம்ஐடி 2007இல் வெளியிட்டது. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டி நிரல் எழுதப் பழகும் கருவி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்தத் தளத்தில் உலகத்துப் பிள்ளைகள் தாங்கள் செய்ததையெல்லாம் ஏற்றி வைக்கிறார்கள். அதில் பல, ஊரில் பிரபலமான கேம்களின் நகல். சொந்தமாக ஒரு பூனையை நகர்த்திப் பார்ப்பதைவிட, எவனோ செய்த கேமை ஆடுவது சுலபம். ஆகவே சில பள்ளிகள் ஸ்கிராட்ச்சையே மூடிவிடுகின்றன. கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் பதிப்பு ஒன்று இலவசமாக இருக்கிறது; அதில் மற்றவர்களின் கேம்கள் வராது. இந்த ஒரு விஷயம் தெரிந்த ஆசிரியர் இருந்தால் தடையே தேவைப்படாது.

பட்டியல் எதிர்ப்பக்கமும் தவறுகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'கல்வி' என்ற வகைக்குள் நுழைந்துவிட்ட தளத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. இவற்றில் சிலவற்றை ஆடிப் பார்த்தேன். ஏழு பெருக்கல் எட்டு எவ்வளவு என்று ஒரு கேள்வி வரும். 56ஐத் தொட்டால் காசு மழை கொட்டும், ஒரு சக்கரம் சுழலும், அதில் ஒரு தொப்பி கிடைக்கும். அடுத்த கேள்விக்கு முன் முப்பது விநாடி விளம்பரம். தப்பாகத் தொட்டால் சிவப்பாகும், மறுபடி தொடச் சொல்லும். நாலு விடையையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால் ஏதோ ஒன்று சரியாகிவிடும். பெருக்கலுக்கும் அந்தச் சக்கரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிள்ளை கற்றுக்கொள்வது சக்கரத்தைத்தான்.

இன்னொரு பக்கம், சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க வைக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அதில் ஒரு ஏற்றப் பலகை. ஒரு பக்கம் நடுவிலிருந்து இரண்டு அலகு தூரத்தில் பத்து கிலோ செங்கல். உங்கள் கையில் ஐந்து கிலோ செங்கல். எங்கே வைத்தால் பலகை நேராக நிற்கும்? வைத்துவிட்டுத் தாங்கு கட்டையை எடுத்தால் பலகை ஒரு பக்கமாகச் சாயும், அல்லது நிற்கும். நான்கு அலகு தூரம் என்று எந்த மிஸ்ஸும் சொல்லித் தர வேண்டியதில்லை, பலகையே சொல்லிவிடும். அதிலேயே படிப்படியாகக் கடினமாகும் ஆட்டமும் இருக்கிறது. காசு மழை கிடையாது. பாடமும் ஆட்டமும் ஒன்றாகவே இருப்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வேன். ஒவ்வொரு பாவனையையும் தனிக் கோப்பாக இறக்கி, இணையமே இல்லாமல் ஓட்டலாம். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

கல்வி விளையாட்டு என்று பெயர் சூட்டிக்கொண்ட பலவற்றைத் தடுத்தாலும் குற்றமில்லை. கேம் என்று தடுக்கப்பட்ட சிலவற்றைத் திறந்தே ஆக வேண்டும். வகைப் பெயரை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது, ஆடிப் பார்த்தவரால்தான் முடியும்.

பிள்ளைகளிடம் இதற்கெல்லாம் ஒரே விடைதான். "விபிஎன் போட்டா ஓப்பன் ஆகும்டா." இல்லையென்றால் பையில் ஒளித்துக் கொண்டுவந்த போனிலிருந்து ஹாட்ஸ்பாட். அதுவும் இல்லையென்றால் 'அன்பிளாக்டு கேம்ஸ்' என்று தேடல். கூகுளின் இலவசத் தளச் சேவை போன்ற இடங்களைப் பள்ளி தடுக்க முடியாது, பாடக் குறிப்புகளே அங்கேதான் இருக்கும். ஆகவே கேம்களை நகலெடுத்து அங்கே ஒட்டி வைக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் இணைய மானியம் வாங்கும் பள்ளி வடிகட்டி வைத்தே ஆக வேண்டும். வடிகட்டி எவ்வளவு இறுகியதோ அவ்வளவுக்குத் திருட்டு வாசலும் பெருத்தது.

பூட்டைத் திறக்கத் தெரிந்த பையனைக் கெட்டிக்காரன் என்று மெச்சும் ஆசிரியர்களும் உண்டு. நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தை நானும் மெச்சுவேன். ஆனால் முகம் தெரியாத இலவச விபிஎன் வழியாகப் போகிற பிள்ளை, தான் எங்கெல்லாம் போகிறோம் என்பதை அந்த விபிஎன்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறான். பள்ளியின் கண்ணிலிருந்து தப்பி, யாரென்றே தெரியாத ஒருவன் கண்ணில் விழுவதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது? திருட்டு வாசல் தளங்களில் பள்ளி தடுக்க நினைத்த அதே விளம்பரங்கள் இரண்டு மடங்காக இருக்கும். இதில் பிள்ளைக்குப் பொறுப்பு உண்டு. கேட்பதற்கு ஒரு வழியை வைக்காமலே தடுத்த பள்ளிக்கு அதைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு.

தடை எல்லார் மீதும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 2014இல் தன் அறிக்கையில் இதைத்தான் சொன்னது: சட்டம் கேட்டதைவிட அதிகமாகப் பள்ளிகள் தடுக்கின்றன, அதில் அடிபடுவது வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகள். மயிலாப்பூரைப் பாருங்கள். ஒரே அஞ்சல் எண், 600004. லஸ் சர்ச் ரோடு அடுக்ககத்துப் பிள்ளைக்கு வீட்டில் ஃபைபர் இணைப்பு, தனி லேப்டாப், வாரம் இரண்டு நாள் ஆன்லைன் செஸ் கோச். பள்ளி லேபில் லிச்செஸ் திறக்கவில்லை என்றால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சாந்தோம் பக்கம் குப்பத்திலிருந்து மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு, அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும் கிடைக்கும் ஒரு போன். அதிலும் தம்பி பங்கு கேட்பான். பெரிய திரை, விசைப்பலகை, மவுஸ் எல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பள்ளி லேபில் மட்டும்தான். அங்கேயும் பூட்டு என்றால், பணக்காரப் பிள்ளையைத் தொடாத தடை ஏழைப் பிள்ளையை மட்டும் தொடுகிறது.

மாற்று வழி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், 2017இல் கைட் என்ற நிறுவனமானது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பை அவர்கள் தயாரிக்கிறார்கள். ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட் போன்ற சிறுவர் விளையாட்டுகள் அதற்குள்ளேயே இருக்கும். தொடக்க வகுப்புகளின் கம்ப்யூட்டர் பாடநூலுக்குப் பெயரே 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி. எந்தப் பாடத்துக்கு எந்த ஆட்டம் என்று பாடநூலே சொல்லிவிடுகிறது. இணையமே தேவைப்படாத இடத்தில் வடிகட்டிக்கு என்ன வேலை?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதற்கான சரக்கு நம்மூரிலேயே இருந்தது. பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது சென்னை சி-டாக். பள்ளிகளுக்காக எடுபாஸ் என்று தனிப் பதிப்பும் செய்தார்கள். 2011இல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் ஏறி வந்தது. பல வீடுகளில் அந்த இரண்டாவது வாசலைத் திறந்து பார்த்தவர்களே இல்லை. பாடநூல் அதைத் தொடவில்லை, தேர்வு அதைக் கேட்கவில்லை, ஆசிரியருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. 2019 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. அதன் சர்வரில் ஒரு விளையாட்டுப் பெட்டியை ஏற்றி வைக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஆனால் அங்கே எது அதிகம் நடக்கிறது என்று ஆசிரியர்களைக் கேட்டால், எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றமும் ஆன்லைன் வினாடி வினாவும் என்பார்கள். வினாடி வினாவை விளையாட்டு என்று சொல்வது பிள்ளைகளைக் கேலி செய்வது.

இறக்கி வைத்த ஆட்டங்களுக்கும் குறை உண்டு. சீக்கிரம் பழசாகும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளுக்கு அலுக்கும். செஸ்ஸைப் போல வெளியே உள்ள ஒருவரோடு ஆட வேண்டியவற்றுக்கு அது உதவாது. ஆகவே மேல் வகுப்புகளுக்கு இணையம் வேண்டும், இணையம் வேண்டுமென்றால் யார் திறப்பது என்ற கேள்வி மறுபடி வந்து நிற்கும்.

ஆளே தேவையில்லை, கம்ப்யூட்டரை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், பிள்ளைகளே கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு கட்சி உண்டு. சுகதா மித்ரா 1999இல் டெல்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். சேரிப் பிள்ளைகள் தாங்களே சுட்டியை நகர்த்தக் கற்றார்கள், ஆட்டமும் ஆடினார்கள். பின்னர் அவர் நம் புதுச்சேரிப் பக்கம் காளிக்குப்பம் என்ற கிராமத்துக்கு வந்தார். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருந்த உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைத் தாங்களே புரட்டி முப்பது விழுக்காடு மதிப்பெண்வரை வந்ததாக அவர் சொல்கிறார். அதற்கு மேல் போக, பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமான ஓர் இளம்பெண்ணைப் பின்னால் நிற்க வைத்தார். அந்தப் பெண்ணுக்குப் பாடம் தெரியாது. அட, இது எப்படி, எனக்கும் காட்டு என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. மதிப்பெண் ஐம்பதைத் தொட்டதாம். மித்ராவின் முடிவுகளைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. இமயமலைப் பகுதியில் கைவிடப்பட்ட சுவர்க் கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டு பாயல் அரோரா 2010இல் எழுதியது கடுமையான விமர்சனம். இரண்டு தரப்பையும் படித்த எனக்குக் காளிக்குப்பத்தில் கண்ணில் பட்டது அந்தப் பெண்தான். ஆள் வேண்டாம் என்று தொடங்கிய பரிசோதனையே கடைசியில் ஓர் ஆளைத் தேடிப் போயிற்று.

அந்த ஆள் நம் லேபில் எப்படி வேலை செய்யலாம்? மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தளம், வகுப்பு, எந்தப் பாடத்துக்கு, கேட்டவர் கையெழுத்து. மாணவரும் எழுதலாம், ஆனால் ஏன் வேண்டும் என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஓர் ஆசிரியர் பத்து நிமிஷம் தானே ஆடிப் பார்க்கட்டும். விளம்பரம் வருகிறதா, கணக்குத் தொடங்கச் சொல்கிறதா, முன்பின் தெரியாதவர்களோடு அரட்டை உண்டா, தப்பானால் பிள்ளை யோசிக்கிறதா அல்லது தொட்டுக்கொண்டே போகிறதா. தேறினால், அந்த வகுப்புக்கு, அந்த பீரியடுக்கு மட்டும் திறக்கலாம். குழுவாரியாகவும் நேரவாரியாகவும் திறந்து மூடும் வசதி பள்ளிகள் வாங்கும் ஃபயர்வால்களில் பொதுவாகவே இருக்கிறது. இல்லாதது பாஸ்வேர்டுதான். பல பள்ளிகளில் அது மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகும் பராமரிப்பு ஒப்பந்த (ஏஎம்சி) ஆளிடம் இருக்கும். அவர் வரும்வரை ஒளிச்சேர்க்கைப் பாடம் காத்திருக்காது.

ஆசிரியருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தலைக்கு மேல் தொங்கும் பள்ளியில், ஆடிப் பார்ப்பது என்பது தலைமையாசிரியருக்கு வெட்டி வேலையாகத்தான் தெரியும். ஆகவே ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை மட்டும் தொடங்குங்கள் என்பேன். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தளம் தேறினால் போதும். மயிலாப்பூரிலேயே இத்தனை பள்ளிகள் இருக்கின்றன. ஒருவர் ஆடிப் பார்த்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். கேள்வித்தாளைப் பகிரத் தெரிந்த பள்ளிகளுக்கு இது தெரியாதா?

திறப்பதில் சட்டப் பொறுப்பும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தகவலை எடுக்கப் பெற்றோரின் சரிபார்த்த ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, இந்தக் கடமைகள் 2027இல் முழுமையாக நடைமுறைக்கு வரும். பாடத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் பிள்ளைகளைக் கவனிப்பதில் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. கேம் நிறுவனத்துக்கு அந்த விலக்கு தானாகப் போய்ச் சேராது. பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லும் எந்த ஆட்டத்தையும் பெற்றோருக்குத் தெரியாமல் லேபில் திறக்கக் கூடாது.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம். அடுத்த கூட்டத்தில் வேன் கட்டணத்தையும் கழிப்பறையையும் பேசி முடித்தபிறகு, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தடைப் பட்டியலை இந்தப் பள்ளியில் யார் பார்க்கிறார்? ஓர் ஆசிரியர் கேட்டால் எத்தனை நாளில் ஒரு தளம் திறக்கும்? திறந்ததை மறுபடி யார் சோதிப்பார்? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.